விட்டவையும் வைத்துக்கொண்டவையும்: ஈட்டன் பள்ளி மரபுகளின் கணக்கு

லண்டனுக்கு மேற்கே, தேம்ஸ் ஆற்றின் ஒரு கரையில் வின்ட்சர் அரண்மனை நிற்கிறது. எதிர்க்கரையில் ஈட்டன் என்ற சிற்றூர். அந்த ஊரின் பெரும்பகுதியை ஒரே பள்ளிக்கூடம் நிறைத்திருக்கிறது. கருப்பு வால் கோட்டும் கோடு போட்ட கால்சட்டையும் அணிந்த பையன்கள் புத்தகங்களை அணைத்துக்கொண்டு சாலையைக் கடப்பதைச் சுற்றுலாப் பயணிகள் நின்று படம் எடுக்கிறார்கள். பிரிட்டனின் முதல் பிரதமர் என்று கருதப்படும் ராபர்ட் வால்போல் தொடங்கி போரிஸ் ஜான்சன் வரை 20 பிரதமர்கள் இங்கே படித்தவர்கள். இந்தப் பள்ளியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். பழையதை விடாமல் காத்ததால்தான் இத்தனை உயரத்தை எட்டியது என்பார்கள் அபிமானிகள். காலம் மாறியும் தான் மாறாத பிடிவாதத்தின் சின்னம் அது என்பார்கள் எதிர்ப்பவர்கள். சண்டை போடும் இந்த இரண்டு கட்சிக்கும் பொதுவான நம்பிக்கை ஒன்று உண்டு: ஈட்டன் மாறவில்லை என்பது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ஈட்டன் கைவிட்ட வழக்கங்களின் பட்டியல் மிக நீளம். எதை விட வேண்டும், எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு தலைமுறையிலும் அது தேர்ந்தெடுத்திருக்கிறது. அந்தத் தேர்வுக்குப் பின்னால் ஓர் அளவுகோல் இருப்பதையும் பார்க்க முடிகிறது. அதைப் புரிந்துகொண்டால் ஈட்டனை மட்டுமல்ல, மரபின் பெயரால் நடக்கும் பலவற்றையும் எடைபோட முடியும்.

முதலில் அங்கே ஒரு மாணவனின் வாழ்க்கை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். பதின்மூன்று வயது முதல் பதினெட்டு வயது வரையுள்ள ஏறத்தாழ 1,350 பையன்கள் படிக்கிறார்கள். அனைவரும் விடுதியில் தங்கிப் படிப்பவர்கள். பள்ளி 25 ஹவுஸ்களாகப் பிரிந்திருக்கிறது. சராசரியாக ஒரு ஹவுஸுக்கு 50 பேருக்குச் சற்று மேல். பல விடுதிப் பள்ளிகளில் இருப்பதுபோல வரிசைக் கட்டில்கள் போட்ட கூடம் இங்கே கிடையாது. சேர்ந்த நாளிலிருந்தே ஒவ்வொரு பையனுக்கும் தனி அறை. ஹவுஸ் மாஸ்டர் தன் குடும்பத்தோடு அதே கட்டடத்தில் குடியிருக்கிறார். சாப்பாடு, துணிமணி, உடல்நலம் ஆகியவற்றை ‘டேம்’ என்று அழைக்கப்படும் பெண் நிர்வாகி கவனிக்கிறார். வாரத்தில் பல நாள்கள் காலையில் தேவாலய வழிபாடு, அதன்பின் பாடங்கள், பிற்பகலில் விளையாட்டு, மாலையில் நண்பர்களோடு தேநீர், இரவில் தன் அறையில் தனியாகப் படிப்பு என்று நாள் போகும். ஆண்டுக்கு மூன்று பருவங்கள்; ஒவ்வொன்றையும் ‘ஹாஃப்’ என்றே சொல்வார்கள். ஆசிரியருக்குப் பெயர் ‘பீக்’. நன்றாக எழுதிய பாடத்துக்கு ‘ஷோ அப்’ கிடைக்கும். மோசமாக எழுதினால் தாளின் ஓரத்தைக் கிழித்து, ஹவுஸ் மாஸ்டரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கி வரச் சொல்வார்கள். உதவித்தொகைத் தேர்வில் வென்ற 70 பேர் மட்டும் ‘காலேஜ்’ என்ற தனி ஹவுஸில் தங்குகிறார்கள். வால் கோட்டுக்கு மேல் கருப்பு கவுன் அணியும் இவர்கள் கிங்ஸ் ஸ்காலர்கள். மற்றவர்கள் அனைவரும் ‘ஆப்பிடன்’ என்ற பெயரில் அடங்குவார்கள்.

பழமையின் வயது

இவற்றில் எவ்வளவு உண்மையிலேயே பழையது என்று கேட்டால் கொஞ்சம் ஏமாற்றமே மிஞ்சும். 1820இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் இறந்தபோது துக்கத்துக்காக அணிந்த கருப்பு உடையைப் பையன்கள் இன்றுவரை கழற்றவில்லை என்ற கதையை அங்கே வழிகாட்டிகள் விரும்பிச் சொல்வார்கள். அதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வசதியான ஆண்கள் வெளியே போட்டுக்கொண்டு போன உடைதான் படிப்படியாகப் பள்ளிச் சீருடையாக உறைந்துபோனது. ஊர் அந்த உடையை விட்டுவிட்டது, பள்ளி விடவில்லை. அதோடு சேர்ந்த உயரமான பட்டுத் தொப்பியோ இரண்டாம் உலகப்போர்க் காலத்துத் தட்டுப்பாட்டில் போய்விட்டது. போர் முடிந்தபின் யாரும் அதைத் திரும்பக் கொண்டுவரவில்லை. வாட்டர்லூ வெற்றி ஈட்டன் மைதானங்களில் விளைந்தது என்று வெலிங்டன் பிரபு சொன்னதாக வழங்கும் வாசகத்தின் கதையும் இப்படித்தான். அவர் 1852இல் இறந்தார். அந்தக் கருத்தை அவர் வாயில் வைத்து ஒரு பிரெஞ்சு எழுத்தாளர் எழுதியது 1856இல்தான். 1781 முதல் 1784 வரை ஈட்டனில் இருந்த வெலிங்டன் தனிமையில் ஒதுங்கிக் கிடந்த பையன். ஆசிரியர்கள் ஒழுங்குபடுத்தி நடத்தும் குழு விளையாட்டுகள் அந்தக் காலத்தில் அங்கே கிடையவும் கிடையாது. பின்னாளில் விளையாட்டைத் தன் பெருமையாக வளர்த்துக்கொண்ட பள்ளிக்கு ஒரு பழைய சான்று தேவைப்பட்டது. வெலிங்டன் பெயர் அதற்குக் கைகொடுத்தது.

கைவிட்டவை

கைவிடப்பட்டவற்றின் பக்கம் திரும்பினால் காட்சி வேறு. உதவித்தொகை பெற்ற ஏழைப் பையன்களை மாலையானதும் ‘லாங் சேம்பர்’ என்ற நீண்ட கூடத்தில் தள்ளிப் பூட்டிவிடும் வழக்கம் நூற்றாண்டுக் கணக்கில் நடந்தது. காலையில் கதவு திறக்கும்வரை உள்ளே பெரியவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். குளிர், எலி, அரைவயிற்றுச் சாப்பாடு, மூத்தவர்களின் அடி எல்லாம் சேர்ந்து அந்தக் கூடத்துக்கு நாடெங்கும் கெட்ட பெயர் வாங்கித் தந்தன. 1840களின் தொடக்கத்தில், இலவசக் கல்வி என்றபோதும், காலியிடங்களுக்கு ஆள் கிடைப்பதே அரிதாகிவிட்டது. அந்த நெருக்கடி வந்த பிறகுதான் புதுக் கட்டடமும் தனி அறைகளும் போட்டித் தேர்வும் வந்தன. 1809 முதல் 1834 வரை தலைமையாசிரியராக இருந்த ஜான் கீட் பிரம்படிக்குப் பேர்போனவர்; 1832இல் ஒரே நாளில் 80 பேருக்கு அடி கொடுத்தார் என்று சொல்லப்படுகிறது. இத்தனை அடியிலும் ஒழுங்கு நிலவியதா என்றால் அதுவும் இல்லை. 1768இல் மூத்த மாணவர்கள் திரளாகப் பள்ளியை விட்டு வெளியேறிக் கலகம் செய்தார்கள். 1825இல் இரண்டு பையன்கள் மணிக்கணக்காக நடத்திய கைச்சண்டையில் ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவின் மகன் ஒருவன் உயிரிழந்தான். மற்ற பழம்பெரும் பள்ளிகளிலும் இதே நிலைதான். ரக்பியில் 1797லும் வின்செஸ்டரில் 1818லும் மாணவர் கலகத்தை அடக்கப் பட்டாளத்தை அழைக்க நேர்ந்தது. இன்று பண்புக்கும் ஒழுங்குக்கும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் பள்ளிகளின் இருநூறு ஆண்டுக்கு முந்தைய முகம் இது.

ஒரு திருவிழாவே நின்றுபோன கதை இன்னும் தெளிவான சான்று. ‘மாண்டெம்’ என்ற அந்த விழாவில் மூன்றாண்டுக்கு ஒருமுறை பையன்கள் வண்ண வண்ண வேடம் பூண்டு, அருகிலுள்ள சால்ட் ஹில் என்ற மேட்டுக்கு ஊர்வலம் போவார்கள். வழியில் எதிர்ப்படும் பயணிகளிடமும் பிரமுகர்களிடமும் காசு கேட்பார்கள். மன்னர் குடும்பத்தினரும் வந்து கொடுத்ததுண்டு. சேரும் பணத்தில் செலவு போக மிச்சம், கேம்பிரிட்ஜ் போகவிருக்கும் மூத்த உதவித்தொகை மாணவனுக்குச் சேரும். குறைந்தது பதினாறாம் நூற்றாண்டிலிருந்து வேர் கொண்ட விழா என்பதால், பழமைதான் ஒரு வழக்கத்தைக் காக்கும் என்றால் முதலில் காக்கப்பட்டிருக்க வேண்டியது இதுவே. நடந்ததோ நேர்மாறு. லண்டனிலிருந்து மேற்கே போகும் ரயில் பாதை பக்கத்து ஊரான ஸ்லவ் வழியாக வந்ததும், வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூட்டமாக ஆள்கள் இறங்கத் தொடங்கினார்கள். தெரிந்தவர்களிடையே கௌரவமாக இருந்த காசு கேட்கும் சடங்கு, தெரியாதவர்கள் கண்முன் பிச்சையாகவும் குடிக் கும்மாளமாகவும் தெரிந்தது. 1844இல் நடந்ததே கடைசி. 1847இல் பள்ளி அதை ஒழித்துவிட்டது. பழைய மாணவர்களின் எதிர்ப்பு எடுபடவில்லை.

1861இல் அரசு அமைத்த கிளாரெண்டன் ஆணையம் ஈட்டன், ஹாரோ, வின்செஸ்டர் உள்ளிட்ட ஒன்பது பள்ளிகளின் கணக்கையும் பாடத்தையும் தோண்டிப் பார்த்தது. லத்தீனும் கிரேக்கமும் நேரம் முழுவதையும் விழுங்கிக்கொண்டிருந்தன. இயற்கை அறிவியலுக்கு இடமே இல்லை என்னும் நிலை. அறக்கட்டளை நிலங்களிலிருந்து வந்த வருமானத்தில் பெரும்பங்கை ஈட்டன் நிர்வாகிகள் தங்களுக்குள் பிரித்துக்கொண்டதும் வெளிவந்தது. 1864இல் அறிக்கை, 1868இல் சட்டம், அதன்பின் புதிய நிர்வாகக் குழுக்கள் என்று மாற்றம் மளமளவென்று நடந்தது. நாம் இன்று பிரிட்டிஷ் விடுதிப் பள்ளியின் ஆதி மரபுகள் என்று நினைக்கும் பலவும் இந்தக் காலத்தில் உருப்பெற்றவை. ரக்பியில் 1828 முதல் 1842 வரை தலைமையாசிரியராக இருந்த தாமஸ் ஆர்னல்டு மூத்த மாணவர்களுக்குப் பொறுப்பும் அதிகாரமும் தந்து அவர்கள் வழியாகப் பள்ளியை ஆண்டார். 1857இல் வெளிவந்த ‘டாம் பிரவுனின் பள்ளி நாட்கள்’ என்ற நாவல் அந்த முறைக்கு நாடளாவிய புகழைத் தேடித்தந்தது. ஹவுஸ்களுக்கு இடையிலான போட்டி, கட்டாய விளையாட்டு, வண்ணத் தொப்பி, கோப்பை எல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பெருகின. கலகம் செய்துகொண்டிருந்த ஆற்றலை மைதானத்துக்குத் திருப்பிவிட்டதில் பள்ளிகளுக்குப் பிரம்பால் கிடைக்காத அமைதி கிடைத்தது.

இருபதாம் நூற்றாண்டிலும் களையெடுப்பு தொடர்ந்தது. சிறு பையன்கள் மூத்தவர்களுக்கு ஏவல் செய்யும் ‘ஃபேகிங்’ முறை எல்லாப் பழம்பள்ளிகளிலும் இருந்தது. ரொட்டி வாட்டித் தருவது, அறையைக் கூட்டுவது, கடைக்கு ஓடுவது, இன்னொரு ஹவுஸுக்குச் சீட்டுக் கொண்டுபோவது எல்லாம் சின்னவர்களின் வேலை. மூத்தவன் நடையில் நின்று குரல் கொடுத்தால் எல்லாச் சின்னப் பையன்களும் ஓடி வர வேண்டும். கடைசியாக வந்து சேர்பவன் தலையில் வேலை விழும். ஏவல் செய்து பழகியவனே பின்னாளில் ஏவத் தகுதி பெறுவான் என்று தலைமுறை தலைமுறையாக இதற்கு நியாயம் சொன்னார்கள். 1980 அளவில் ஈட்டன் அதை முடித்துவைத்தது. மூத்த மாணவர்கள் பிரம்பெடுக்கும் உரிமை அதற்கு முன்பே போயிருந்தது. ஆசிரியர்களின் பிரம்பும் பின்னர் போனது. குழந்தை பிறந்த கையோடு ஹவுஸ் மாஸ்டரிடம் பெயர் பதிந்து இடம் பிடிக்கும் பழக்கமும் நூற்றாண்டின் இறுதியோடு ஓய்ந்து, பதினொரு வயதில் எழுதும் தேர்வும் நேர்காணலும் வந்தன.

வைத்துக்கொண்டவை

மிஞ்சியவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். வால் கோட், கவுன், தனிச் சொற்கள். 1717இல் கட்டிய செங்கல் சுவரை ஒட்டி, 5 மீட்டர் அகலமும் 110 மீட்டர் நீளமும் கொண்ட சேற்றுப் பட்டையில் ஆடும் ‘வால் கேம்’. அதில் நவம்பர் இறுதியில் ஸ்காலர்களுக்கும் ஆப்பிடன்களுக்கும் நடக்கும் பெரிய ஆட்டத்தில் கடைசியாகக் கோல் விழுந்தது 1909இல். கோல் விழாத ஆட்டத்தை நூறாண்டுக்கு மேலாக ஆர்வத்தோடு ஆடுகிறார்கள், கூடி நின்று பார்க்கிறார்கள். மூன்றாம் ஜார்ஜ் பிறந்தநாளின் பெயரில், பெரும்பாலும் வேறு தேதியில், ‘ஜூன் நான்கு’ விழா நடக்கிறது. பூச்சூடிய தொப்பியணிந்த பையன்கள் படகில் எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றிப் பூக்களை ஆற்றில் உதிர்க்கிறார்கள். 1811இல் விவாத மன்றமாகத் தொடங்கிய ‘பாப்’ சங்கம் காலப்போக்கில் மூத்த மாணவர்களின் ஆளும் குழுவாகிவிட்டது. புது உறுப்பினரைப் பழைய உறுப்பினர்களே தேர்ந்தெடுத்த சங்கம் அது. ஆசிரியர்களின் ஒப்புதல் பின்னாளில் சேர்ந்தது. மனம்போன வண்ணத்தில் இடுப்புச் சட்டை அணியும் உரிமை அவர்களுக்கு மட்டும்.

இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டால் அளவுகோல் பிடிபடும். கைவிடப்பட்டவை அனைத்தும் வெளியுலகத்தின் கண்ணில் பள்ளியின் பெயரைக் கெடுத்தவை, அல்லது பெற்றோரைத் தயங்க வைத்தவை. தங்கியவை வெளியாருக்குக் கெடுதல் செய்யாதவை, அவர்களுக்குப் புரியாதவை, உள்ளே இருப்பவர்களை மட்டும் ஒரு கூட்டமாகக் கட்டுபவை. அந்தக் கட்டுமானத்தில் புரியாமைக்கு முக்கியப் பங்கு உண்டு. பயனுள்ள அறிவை எவரும் எங்கும் கற்றுக்கொள்ளலாம். லத்தீனோ கணிதமோ ஒருவரை ஈட்டன்காரராக்காது. எந்த ஹவுஸுக்கு எந்த நிறம், எந்த உடையை யார் போடலாம், சேற்றில் முட்டிமோதும் ஆட்டத்தில் எது தவறு என்பதெல்லாம் வேறெங்கும் பயன்படாத அறிவு. அதனாலேயே அது அடையாளச் சீட்டாகிறது. பதின்மூன்று வயதில் வீட்டை விட்டு வந்த பையன் ஐந்தாண்டு இந்த ஒழுங்கில் படிப்படியாக ஏறுகிறான். முதலில் அவனுக்கு உரிமை எதுவும் இல்லை. ஆண்டுக்கு ஆண்டு ஒவ்வொன்றாகக் கிடைக்கிறது. கடைசி ஆண்டில், தான் அண்ணாந்து பார்த்த இடத்தில் தானே நிற்கிறான். எதைக் கொடுத்து அந்த இடத்தை அடைந்தானோ அதன் மதிப்பை அவன் குறைத்துப் பேச மாட்டான். இந்த மன ஏற்பாட்டுக்குப் பிரம்பும் ஏவலும் தேவையில்லை என்று தெரிந்ததும் அவற்றை இழப்பதில் பள்ளிக்கு வருத்தமில்லாமல் போனது.

பணமா, பழக்கமா?

இதற்கு எதிராக முதலில் எழும் கேள்வி நியாயமானது. ஈட்டன்காரர்கள் உயர் பதவிக்குப் போவது பணத்தாலும் குடும்பச் செல்வாக்காலும்தானே, வால் கோட்டுக்கும் சுவர் ஆட்டத்துக்கும் அதில் என்ன பங்கு? ஆண்டுக் கட்டணம் இன்று 60,000 பவுண்டைத் தாண்டிவிட்டது. பிரிட்டனில் தனியார் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளே நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான். அந்த ஏழிலும் இது உச்சாணிக் கிளை. பணத்தின் பங்கை மறுக்க முடியாது. ஆனால் பணம் மட்டும் செய்ய முடியாத ஒன்றை மரபு செய்கிறது. அதற்கு 1963ஆம் ஆண்டு சாட்சி. அப்போது கன்சர்வேடிவ் கட்சியில் தலைவரைத் தேர்ந்தெடுக்க வாக்கெடுப்பு கிடையாது. பெரிய மனிதர்கள் தங்களுக்குள் கலந்துபேசி முடிவு செய்வார்கள். ஈடன், மேக்மில்லன் என்ற இரண்டு ஈட்டன்காரர்களை அடுத்து மூன்றாவதாக டக்ளஸ் ஹியூம் என்ற ஈட்டன்காரர் பிரதமரானார். முடிவெடுத்த உள்வட்டத்து ஒன்பது பேரில் எட்டுப் பேர் ஈட்டனில் படித்தவர்கள் என்று அதே கட்சியின் இயன் மெக்லியட் 1964 ஜனவரியில் பத்திரிகையில் போட்டுடைத்தார். 1965இல் அந்தக் கட்சி வாக்கெடுப்பு முறைக்கு மாறியது. சாதாரணக் குடும்பத்தில் பிறந்து அரசு உதவி பெற்ற பள்ளியில் படித்த எட்வர்ட் ஹீத் தலைவரானார். அதன்பின் 2010இல் டேவிட் கேமரன் வரும்வரை ஈட்டன்காரர் எவரும் பிரதமராகவில்லை. அந்த நாற்பத்தைந்து ஆண்டுகளில் ஈட்டன் குடும்பங்களிடம் பணம் வற்றிவிடவில்லை. பழகிய முகத்தைப் பழகிய முகம் தேர்ந்தெடுக்கும் வாசல்தான் அடைபட்டது. கேமரனும் ஜான்சனும் வாக்கெடுப்பில் வென்று வந்தவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மரபு தரும் தன்னம்பிக்கையும் பேச்சுத் திறனும் வாக்கெடுப்பிலும் செல்லுபடியாகும் என்பதை அது காட்டுகிறது. பணம் கொடுத்து வாங்கியது பிறவிக் குணம்போலத் தோன்றும்படி செய்வதில்தான் மரபின் கைத்திறன் இருக்கிறது.

இரண்டாவது மறுப்பு உணர்ச்சியைத் தொடுவது. சலுகையை மட்டுமா, கடமையையும் அல்லவா அந்தப் பள்ளி கற்றுக்கொடுத்தது என்கிறார்கள். முதல் உலகப்போரில் ஈட்டனின் பழைய மாணவர்கள் 1,157 பேர் உயிர்விட்டார்கள்; போருக்குப் போனவர்களில் ஐந்தில் ஒருவர் திரும்பவில்லை. மைதானத்தில் முன்னால் நிற்கப் பழக்கப்பட்டவர்கள் பதுங்கு குழியிலும் முன்னால் நின்றார்கள். அந்தத் தியாகம் உண்மை; அதைச் சிறுமைப்படுத்த எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் கூட்டத்துக்குக் காட்டும் விசுவாசம் வேறு, நீதி வேறு. அந்த வேறுபாட்டுக்குத் தமிழ் வாசகர்கள் தொலைவில் தேட வேண்டியதில்லை. 1799இல் தஞ்சாவூர் அரசின் நிர்வாகத்தையும் 1801இல் ஆற்காட்டு நவாபின் ஆட்சியையும் கிழக்கிந்திய கம்பெனி எடுத்துக்கொண்டபோது கவர்னர் ஜெனரலாக இருந்தவர் ரிச்சர்ட் வெல்லெஸ்லி. சென்னையில் கவர்னர் எட்வர்ட் கிளைவ். கட்டபொம்மனும் மருது சகோதரர்களும் தூக்கிலேற்றப்பட்டது இவர்கள் காலத்தில். இருவரும் ஈட்டன் மாணவர்கள். வெல்லெஸ்லி முதலில் சேர்ந்த பள்ளி ஹாரோ. அங்கே புதுத் தலைமையாசிரியர் நியமனத்தை எதிர்த்து 1771இல் நடந்த மாணவர் கலகத்தில் பங்கெடுத்து வெளியேற்றப்பட்டு ஈட்டனுக்கு வந்தவர். 1842இல் இறந்தபோது ஈட்டன் தேவாலயத்தில்தான் அவரை அடக்கம் செய்தார்கள். தன் பள்ளியை அத்தனை நேசித்தவருக்கு, பாளையக்காரர்களும் ஒரு மண்ணின் மேல் அதே பற்றுக் கொண்டவர்கள் என்று புரிந்திருக்க வழியிருந்தது. பள்ளி வளர்த்த விசுவாசம் அந்தத் திசையில் விரியவில்லை.

உள்ளே வந்தவர்களில்கூட எல்லோருக்கும் அந்தப் பிணைப்பு கிட்டிவிடாது. நைஜீரியாவைச் சேர்ந்த டில்லிபே ஒன்யேமா, ஈட்டனில் படிப்பை முழுதாக முடித்த முதல் கருப்பின மாணவர், 1969இல் வெளியேறினார். அங்கே தான் பட்ட நிறவெறிக் கொடுமைகளை 1972இல் புத்தகமாக எழுதியதும், பள்ளிக்குள் நுழையக் கூடாதென்று அவருக்குத் தடை விதித்தார்கள். அவரும் அதே கோட்டை அணிந்தவர், அதே சொற்களைப் பேசியவர். 2020இல் அன்றைய தலைமையாசிரியர் சைமன் ஹெண்டர்சன் அவரிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். உலகெங்கும் நிறவெறிக்கு எதிரான போராட்டம் பற்றி எரிந்த ஆண்டு அது. முன்னே பார்த்த அளவுகோல் இங்கும் பொருந்துகிறது: வெளியிலிருந்து பார்ப்பவர்களின் தீர்ப்பு கடுமையாகும்போது பள்ளி தன்னைத் திருத்திக்கொள்கிறது. அந்த மன்னிப்பு மனமார்ந்ததா என்று ஆராய வேண்டியதில்லை. கேட்டது நல்லதே. ஆனால் உள்ளிருந்து எழுந்த ஒரு குரலுக்கு அரை நூற்றாண்டாகக் கிடைக்காத பதில், வெளிக்காற்று மாறியதும் கிடைத்தது என்பதைக் கணக்கில் எழுத வேண்டும்.

சின்னங்களும் சடங்குகளும் இல்லாத பள்ளி எங்கே இருக்கிறது, ஈட்டனை மட்டும் ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று ஹவுஸ் பிரித்து விளையாட்டு விழா நடத்துவதும், மூத்த மாணவர்களுக்குச் சட்டையில் சின்னம் குத்தித் தலைவர் பதவி தருவதும் அந்தப் பிரிட்டிஷ் பள்ளிகளின் வழியே வந்தவை. 1805இல் முதன்முதலாக நடந்த ஈட்டன், ஹாரோ கிரிக்கெட் ஆட்டத்தின் சாயலைக் கொழும்பின் ராயல், தோமியர் ஆட்டத்திலும், யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் பரி யோவான் கல்லூரியும் 1904 முதல் மோதிவரும் வடக்கின் பெரும் போரிலும் காணலாம். அந்த ஆட்ட நாளில் ஊரே திரள்வதையும், போரும் இடப்பெயர்வும் சிதறடித்த பழைய மாணவர்கள் உலகின் எந்த மூலையிலிருந்தும் அதைக் கேட்டறிவதையும் நினைத்தால், பள்ளி மரபு மனிதர்களைத் தாங்கும் வலிமையுள்ளது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பிணைப்பு என்பதே குற்றமில்லை. அந்தப் பிணைப்பின் மறுமுனையில் என்ன கட்டியிருக்கிறது என்பதே கேள்வி. ஊர்ப் பள்ளியின் ஹவுஸ் நிறம் ஒரு நாள் மகிழ்ச்சியோடு முடிகிறது. நாட்டின் பிரதமர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரைத் தந்த பள்ளியின் நிறம் அப்படி முடிவதில்லை. அதே சடங்கு, அதைச் சுற்றியிருக்கும் அதிகாரத்தின் அளவுக்கு ஏற்ப வேறு பொருள் கொள்கிறது.

அறத்தின் பக்கம்

ஈட்டன் தரப்பின் மிக வலுவான வாதம் இப்போதைய நிலையைக் காட்டுவது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு மாணவருக்குக் கட்டணத்தில் உதவி கிடைக்கிறது. அவர்களில் கணிசமானவர்கள் கட்டணமே செலுத்துவதில்லை. அரசுப் பள்ளியில் படித்த பையன்கள் கடைசி இரண்டாண்டு இலவசமாகப் படிக்க, அங்கே கிங்ஸ் ஸ்காலராக இருந்த ஜார்ஜ் ஆர்வெல் பெயரில் உதவித்தொகை இருக்கிறது. ஹோலிபோர்ட் என்ற அரசு விடுதிப் பள்ளிக்கு 2014இல் ஈட்டன் துணைநின்றது. இவை வெறும் பூச்சு என்று தள்ளுவது நேர்மையாகாது. ஒவ்வொரு உதவித்தொகைக்குப் பின்னாலும் ஒரு பையனின் வாழ்க்கை இருக்கிறது. ஆனால் இவற்றைத் தாராளம் என்று புகழ்வதற்கு முன் சாசனத்தைப் படிக்க வேண்டும். ஆறாம் ஹென்றி மன்னர் 1440இல் இந்தப் பள்ளியை நிறுவியது ஏழை மாணவர்களுக்கு இலவசக் கல்வி தருவதற்காக. அவர்கள் தொகை 70 என்று நிலைபெற்றது. முதியோர்க்கான ஓர் அறச்சாலையும் திட்டத்தில் இருந்தது. அது விரைவிலேயே மறைந்தது. கட்டணம் கட்டும் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்போது இருந்தது ஓரமான இடம். காலப்போக்கில் ஓரம் நடுவாயிற்று. 70 இடங்களும் இன்றுவரை இருக்கின்றன, கவுனும் இருக்கிறது. ஏழ்மை என்ற தகுதி மட்டும் நழுவி, நன்கு பயிற்சி பெற்ற பையன்கள் வெல்லும் தேர்வாக அது மாறியது. உடை தப்பிய அளவுக்கு நோக்கம் தப்பவில்லை. கோல் விழாத ஆட்டத்தைக் காப்பதற்குக் காட்டிய அக்கறையை இந்த மூல விதிக்குக் காட்டியிருந்தால், இன்றைய உதவித்தொகைகள் புதுமையாகவே தெரிந்திருக்காது.

இன்று ஈட்டன் முன் இரண்டு விவாதங்கள் நிற்கின்றன. 2025 ஜனவரி முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசு 20 சதவீத மதிப்புக் கூட்டு வரி விதித்திருக்கிறது. நடுத்தர வசதியுள்ள குடும்பங்கள் இன்னும் விலகினால் பள்ளி மேலும் குறுகிய வட்டத்துக்கானதாகிவிடும் என்று ஒரு தரப்பும், சலுகைக்கு வரிவிலக்கு எதற்கு என்று மறுதரப்பும் வாதிடுகின்றன. அடுத்தது பெண்கள் பற்றியது. ரக்பி எப்போதோ இருபாலர் பள்ளியாகிவிட்டது. ஈட்டனுக்கு முன்மாதிரியாக இருந்த வின்செஸ்டரும் 2022 முதல் மேல்வகுப்புகளில் பெண்களைச் சேர்க்கிறது. ஈட்டனும் ஹாரோவும் இன்னும் பையன்களுக்கு மட்டும். தனிப்பால் கல்விக்குக் கல்வியியல் காரணங்கள் சொல்லலாம். வரியின் விளைவுகளைப் பற்றிப் பொருளாதாரக் காரணங்கள் சொல்லலாம். அவற்றைச் சான்றோடு எடைபோடலாம். ‘எங்கள் மரபு’ என்ற ஒற்றைச் சொல் மட்டும் அந்தத் தராசில் ஏறத் தகுதியற்றது. நூற்றாண்டுகள் பழமையான விழாவை ரயில் வந்ததும் நிறுத்திய பள்ளி, ஏவலையும் பிரம்பையும் பட்டுத் தொப்பியையும் விட்டுவிட்டுச் செழித்த பள்ளி, மாற்றினால் உருக்குலைந்துவிடுவோம் என்று சொல்ல முடியாது. தனக்கு வேண்டியதை வைத்துக்கொள்ளவும் வேண்டாததை விடவும் தெரிந்த நிறுவனம் அது என்பதை அதன் வரலாறே நிறுவிவிட்டது. ஆகவே ஒரு வழக்கம் ஏன் தொடர்கிறது என்று கேட்டால், பழையது என்பதால் என்று ஈட்டன் பதில் சொல்லக் கூடாது. யாருக்கு அதனால் நன்மை என்று சொல்ல வேண்டும். அந்தப் பதிலைத் தர வேண்டிய கடன் வைத்துக்கொண்டவர்களுடையது, கேள்வி கேட்பவர்களுடையது அல்ல.